உம்மாவின் அறைக்கு எந்தப் பசை?



உம்மாவின் அறைக்குப் பலகை நிலம் போட்ட படத்தை ஆகஸ்ட்டில் இங்கே பகிர்ந்தோம். அன்றிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்வி. "சேர், சீமெந்து நிலத்தில பலகய என்ன கம் போட்டு ஒட்டினீங்க? பேர மட்டும் சொல்லுங்க." பேரை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பேரைக் கடையில் கேட்டு வாங்கி, எங்கள் நிலம் மாதிரி இல்லாத ஒரு நிலத்தில் ஒட்டி, அடுத்த மழைக்குப் பலகை ஓடு மாதிரி வளைந்து நின்றால் காசும் போய் மரமும் போய்விடும். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். அவசரக்காரர்களுக்கு ஒரு வரி: பசையைத் தேடுவதற்கு முன் உங்கள் நிலத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

"எழுதுகிறோம்" என்றது மரியாதைப் பன்மை இல்லை. வீட்டில் இருவருமே ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் தமிழ். ஒருவர் எழுத மற்றவர் வெட்டுகிறார். வெட்டியது போக மிஞ்சியது இது.

முதலில் பலகையின் கதை. பண்டாரவளையில் வாப்பாவின் துணிக்கடை இருந்தது பழைய கட்டடம். கீழே கடை, மேலே தேக்குப் பலகை போட்ட மாடி. மாடியில் யார் நடந்தாலும், கீழே கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் வாப்பா சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். கட்டடம் கைமாறி உடைக்கப்பட்டபோது, புதிய உரிமையாளரிடம் கேட்டு அந்தப் பலகைகளை எடுத்துக்கொண்டோம். 4 அங்குல அகலம், முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலான தடிப்பு. ஆணி அடித்த பலகைகள் என்பதால் அலவாங்கால் நெம்ப நெம்ப ஒவ்வொன்றாக முழுசாகக் கழன்று வந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். டிசம்பர், ஜனவரியில் எங்கள் பக்கத்துச் சிவப்புச் சீமெந்து நிலம் ஐஸ் மாதிரி இருக்கும். முசல்லாவை இரண்டாக மடித்துப் போட்டும், ஸுஜூதிலிருந்து எழும்ப ஓர் ஆள் கை கொடுக்க வேண்டியிருந்தது. கதிரையில் இருந்து தொழலாம் என்று மௌலவியும் சொன்னார், டொக்டரும் சொன்னார். உம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஏலுமான மட்டும் நெத்திய நிலத்தில வெக்கிறேன், மகன்" என்றார். மரம் சீமெந்தைப் போல உடம்புச் சூட்டை இழுத்து எடுக்காது. வாப்பாவின் பலகைகளோ கராஜுக்குள் அடுக்கியபடி கிடந்தன. அதற்குப் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது.

ஏன் ஒட்ட வேண்டும், சட்டம் அடித்து அதன் மேல் ஆணியால் அறையலாமே என்று சிலர் கேட்டீர்கள். சட்டம் அடித்தால் நிலம் 2 அங்குலத்துக்கு மேல் உயரும். வாசலில் ஒரு படி உண்டாகும். முழங்கால் வருத்தக்காரருக்கு நாமே ஒரு தடுக்கல்லை வைத்துக் கொடுப்பதா? பலகைக்குக் கீழே இடைவெளி விட்டால் கறையானும் எலியும் குடிவரும் என்ற பயமும் இருந்தது. ஆகவே பசைதான்.

நானா ஹார்ட்வெயாருக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் இரண்டு டின்களை எடுத்து வைத்தார், ஒன்றோடு ஒன்றைக் கலக்கும் எபொக்சி. "சேர், இது காஞ்சா யானை இழுத்தாலும் கழராது." நானாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்களுக்கோ அந்த யானைதான் இடித்தது. நாளை ஒரு பலகை பழுதானால்? எங்களுக்குப் பிறகு பிள்ளைகள் இந்த வீட்டை உடைத்தால்? வாப்பாவின் மாடியை யானை இழுத்தாலும் கழராதபடி யாராவது ஒட்டியிருந்தால் இந்தப் பலகைகள் எங்கள் கைக்கு வந்திருக்குமா? பசை எவ்வளவு பலமானது என்று கேட்பதை விட, எவ்வளவு பலம் போதும் என்று கேட்பது சரி என்று அன்றைக்கே பட்டது. அன்று எதுவும் வாங்காமல் திரும்பினோம். நானா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

நிலத்துக்கு வருவோம். அறை நாற்பது வருஷம் பழசு. "இதுல எங்க சேர் ஈரம்?" என்று பாஸ் சிரித்தார். பார்த்தால் காய்ந்த நிலம்தான். ஆனால் திறந்து கிடக்கும் கொங்கிறீட்டிலிருந்து ஈரம் ஆவியாகி ஓசைப்படாமல் போய்க்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. மேலே பலகையை ஒட்டி மூடினால் அது போக வழியில்லை. சோற்றுப் பானையை மூடியால் மூடிவிட்டுத் திறந்து பாருங்கள், மூடியின் உட்பக்கம் என்ன நிற்கிறது? அதேதான். பழைய வீடுகளில் கொங்கிறீட்டுக்கு அடியில் பொலித்தீன் விரிக்கும் பழக்கமும் இருக்கவில்லை. மண்ணின் ஈரம் நேரே ஏறும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இடையில் ஒன்று. "28 நாள் முடிஞ்சா சரி" என்று பாஸ்மார் சொல்வார்கள். அந்த 28 நாள் கொங்கிறீட்டின் பலத்துக்கான கணக்கு, காய்வதற்கான கணக்கு இல்லை. நல்ல காற்றோட்டம் இருந்தால் ஒரு அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது தளம் போடுபவர்களின் பொதுக் கணக்கு. 4 அங்குலக் கொங்கிறீட் என்றால் நான்கு மாதம். எங்கள் மலைநாட்டு மழையில் அதற்கும் மேலே போகும்.

சோதிக்க மிக எளிய வழி, 18 அங்குலச் சதுரமான தெளிவான பொலித்தீன் ஒன்றை நிலத்தில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக்கி ஒட்டுவது. குறைந்தது 16 மணித்தியாலம் விட்டுத் திறந்து பாருங்கள். பொலித்தீனின் உள்ளே துளிகள் நின்றாலோ, அந்த இடத்து நிலம் கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. இது பெரிய ஈரத்தை மட்டும்தான் காட்டும். "ஒன்றும் தெரியவில்லை" என்பதை "காய்ந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் ஜனவரியில் நான்கு இடத்தில் ஒட்டினோம். வாசல் பக்கம் ஒன்றும் இல்லை. பின்சுவரோரம் இரண்டிலும் முத்து முத்தாகத் தண்ணீர்.

விஞ்ஞானக்காரருக்கு அது போதவில்லை. கல்சியம் குளோரைட்டு என்று ஓர் உப்பு. ஆய்வுகூடத்தில் பொருட்களை உலர வைக்கப் பயன்படுவது, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கனத்துப்போகும். நிறுத்த உப்பை ஒரு கிண்ணத்தில் நிலத்தில் வைத்து, மேலே காற்றுப் புகாத மூடியைக் கவிழ்த்து ஓரத்தை அடைத்து, 60 முதல் 72 மணித்தியாலம் கழித்து மீண்டும் நிறுத்தால், கூடிய எடை முழுக்க நிலத்திலிருந்து வந்த நீராவி. அமெரிக்காவில் இது ஒரு தரநிர்ணயச் சோதனை. 1,000 சதுர அடியிலிருந்து 24 மணித்தியாலத்தில் 3 இறாத்தலுக்கு மேல் நீராவி வந்தால் பல பசைக் கம்பனிகள் "ஒட்டாதே" என்று எழுதியிருக்கின்றன. கொங்கிறீட்டின் தடிப்பில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு உள்ளே சாரீரப்பதனை அளப்பதுதான் அதைவிட நம்பகமான முறை. அந்தக் கருவி எங்களுக்குத் தெரிந்த எவரிடமும் இல்லை. எனவே உப்பும் ஐஸ்கிறீம் டப்பாவும்தான். வீட்டுச் சோதனையின் எண்ணைப் பெரிதாக நம்பத் தேவையில்லை, இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். பின்சுவர்ப் பக்கக் கிண்ணம் வாசல் பக்கத்தை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனத்திருந்தது.

காரணம் அறைக்குள் இல்லை. எங்கள் வீடு மலையை வெட்டி எடுத்த நிலத்தில் நிற்கிறது. பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையில் ஒரு கான். அது எத்தனையோ வருஷமாக மண்ணும் இலையும் நிரம்பி, மேலே புல்லும் முளைத்து, கான் இருந்த அடையாளமே இல்லாமல் கிடந்தது. மலையில் பெய்த மழை சுவரடியில் தேங்கி நிலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆகவே பசை வேலையின் முதல் சாமான் மண்வெட்டி. கானைத் தோண்டி ஆழமாக்கி, சரிவு கொடுத்து, சீமெந்து பூசி முடிக்க இரண்டு கூலியாட்களோடு ஐந்து நாள் போயிற்று. பிறகு காத்திருந்தோம். ஊவாவில் ஜூன் தொடக்கம் காற்றும் வெயிலுமாக இருக்கும். யன்னல்களைத் திறந்துவிட்டு, உம்மாவை முன்னறைக்கு மாற்றினோம். "பலகைக்காக மனுசிய வெளிய போட்டுட்டாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஜூலையில் கிண்ணங்களை மறுபடியும் வைத்தோம். பின்பக்கத்து எடை நன்றாக இறங்கியிருந்தது. ஆனால் வாசல் பக்கத்தின் அளவுக்கு வரவில்லை.

காத்திருந்த காலத்தில் பசைகளைச் சோதித்தோம். முற்றத்து இன்டர்லொக் கற்களில் மிச்சமான ஐந்து கல், பலகையில் வெட்டிய ஐந்து துண்டு, ஐந்து விதப் பசை. இரவு வாளித் தண்ணீரில், பகல் வெயிலில். இப்படி இரண்டு கிழமை. டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் எது முதலில் விழும் என்று தங்களுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் விழுந்தது தளபாட வேலைக்குப் போடும் வெள்ளைப் பசை. மூன்றாம் நாளே. மரத்தை மரத்தோடு ஒட்ட அதைப் போல நல்ல பசை கிடையாது, கதிரை மேசைக்கு அதையே பாவியுங்கள். ஆனால் அது தண்ணீரில் கரைத்த பசை. அந்தத் தண்ணீர் பலகையின் அடிப்பக்கத்துக்குள் போனால் அடி வீங்கும், மேல் அப்படியே இருக்கும், ஓரங்கள் எழும்பிப் பலகை குழியும். காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும். போதாததற்குச் சீமெந்து ஒரு காரம். புதுக் கொங்கிறீட்டின் பிஎச் 12க்கும் 13க்கும் இடையில் இருக்கும். ஈரமும் காரமும் சேர்ந்து அந்தப் பசையை மெல்ல மெல்ல உடைக்கும். அதைச் சீமெந்துத் தூளோடு குழைத்துப் போட்டால் நிற்கும் என்று எங்களுக்குச் சொன்னவர்கள் பலர். அவர்கள் எவருடைய வீட்டிலும் பலகை நிலம் இல்லை.

அடுத்தது செருப்புக்கும் போர்மைக்காவுக்கும் பூசும் றபர்ப் பசை. ஓரங்கள் மெல்ல உரிந்தன. அது தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும் என்பதால், பலகையைக் கொஞ்சம் தள்ளி நேர்ப்படுத்தவும் முடியாது. மூடிய அறையில் அந்த மணத்தோடு ஒரு நாள் வேலை செய்தால் தலை சுற்றும்.

மூன்றாவது கடைக்காரரின் யானைப் பசை. எபொக்சி விடவேயில்லை, உண்மையில் அது சொன்ன சொல் தவறவில்லை. விட்டது கல். பலகைத் துண்டு ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கி வளைந்தபோது, கல்லின் மேல்தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. கொங்கிறீட்டை அழுத்தினால் தாங்கும். இழுத்தால் அதன் பலம் பத்தில் ஒரு பங்குதான். மரம் அகலவாக்கில் அசைந்துகொண்டே இருக்கும் சாமான். 4 அங்குலத் தேக்குப் பலகையில் ஈரம் நான்கு சதவீதம் கூடிக் குறைந்தால், அகலம் அரை மில்லிமீற்றர் முதல் முக்கால் மில்லிமீற்றர் வரை மாறலாம். சின்னது மாதிரித் தெரியும். முப்பது பலகை போட்ட அறையில் அதை முப்பதால் பெருக்கிப் பாருங்கள். நடுவிலிருக்கும் பசை கொஞ்சமும் இணங்காவிட்டால் மூன்றில் பலவீனமானது உடையும். மரமும் உடையாது, எபொக்சியும் உடையாது, மிச்சமிருப்பது நிலம்.

கடைசி இரண்டும் காய்ந்த பிறகும் றபர் மாதிரி இழுபடும் ஜாதி. ஒன்று பொலியூரிதேன். மற்றது சிலேன் கலந்த பல்பகுதியம், 1970களின் இறுதியில் ஜப்பானின் கனேகா கம்பனி வெளிக்கொண்டு வந்த இனம். இரண்டுமே காற்றிலும் நிலத்திலும் உள்ள ஈரத்தை எடுத்தே இறுகுபவை. அதற்காக நனைந்த நிலத்தில் ஒட்டலாம் என்று அர்த்தமில்லை. எங்கள் துண்டுகள் இரண்டும் வீங்கின, சுருங்கின, பசை கூடவே போய்க் கூடவே வந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகும் கல்லில்தான் இருந்தன. பிறகு மெல்லிய வாளால் பசையை அறுத்து, உளியால் மெதுவாக நெம்பினோம். பலகைத் துண்டு முழுசாக வந்தது. முழு அறையை அப்படிக் கழற்றுவது இலேசு இல்லை என்பது தெரியும். ஆனால் முடியாத காரியமும் இல்லை.

இந்த இரண்டில் எது என்பதுதான் உண்மையான தெரிவு. பொலியூரிதேன் விலை குறைவு, கொழும்பில் பலகை நிலம் போடுகிறவர்களுக்கும் அதுதான் பழக்கம். ஆனால் இறுகும் வரைக்கும் அதில் ஐசோசயனேற்று இருக்கிறது. சுவாசப்பையைச் சீண்டி ஆஸ்மாவை உண்டாக்கக் கூடிய இரசாயனம். முழுமையாக இறுகிய பிறகு பயமில்லை. ஆனால் உம்மாவுக்கு வீஸிங் உண்டு, வேலை செய்யப்போவதோ முகமூடி போடச் சொன்னால் சிரிக்கிற ஒரு தம்பி. கையிலோ பலகையிலோ பட்டுக் காய்ந்தால் இலகுவில் போகாத கறை வேறு. சிலேன் பசையில் ஐசோசயனேற்று இல்லை, மணமும் குறைவு. விலைதான் கை கடித்தது. விலையை இங்கே எழுதவில்லை, எழுதி நீங்கள் வாசிப்பதற்குள் மாறிவிடும். ஒரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் வேண்டும் என்று மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உம்மாவின் அறை 10 அடிக்கு 10 அடி, அதாவது 9 சதுர மீற்றருக்குச் சற்று மேல். நாங்கள் 12 கிலோ வாங்கினோம். நானா விலையைக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு டைலே போட்டிருக்கலாம்" என்றார். டைல் போட்டிருக்கலாம்தான்.

ஒட்டுவதற்கு முன் நிலத்தைத் தயார்படுத்துவது பற்றி எவரும் கேட்கவில்லை. பாதி வேலை அதில்தான். நாற்பது வருஷமாக உம்மா தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்துச் சிவப்புப் பொலிஷ் போட்ட நிலம் அது, முகம் தெரியும். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி உருண்டையாக நின்றால் எந்தப் பசையும் பிடிக்காது, அது மெழுகின் மேல்தான் ஒட்டும், நிலத்தில் ஒட்டாது. கிரைண்டரால் சிவப்புப் படை முழுவதையும் எடுத்து, சாம்பல் நிறக் கொங்கிறீட் தெரியும் வரை தேய்த்தோம். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாதது, நல்ல முகமூடி கட்டாயம். (அந்தத் தம்பி இதற்கு மட்டும் சிரிக்காமல் போட்டான்.) உம்மா கதவடியில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய கை உழைப்பு முழுக்கச் சிவப்புத் தூளாக வாளி வாளியாக வெளியே போனது.

பிறகு 2 மீற்றர் நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்து, 3 மில்லிமீற்றருக்கு மேல் பள்ளமான இடங்களைச் சமப்படுத்தும் கலவையால் நிரப்பினோம். பள்ளத்தைப் பசையால் நிரப்பலாம் என்று நினைக்க வேண்டாம், அந்த விலைக்கு நிரப்ப ஏலாது. பின்சுவர் ஈரம் முற்றாகப் போகவில்லை என்று சொன்னோம் அல்லவா, அதற்காக நிலம் முழுக்க ஈரத்தடுப்பு எபொக்சிப் பூச்சு ஒன்று. ஆம், அதே எபொக்சி ஜாதிதான். மரத்தைப் பிடிக்க அது கடுமை அதிகம், நிலத்தோடு ஒட்டிக்கிடந்து ஈரத்தை மறிக்க அந்தக் கடுமை நல்லது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவினோம், மேலே வரும் பசைக்குப் பிடிமானம் கிடைக்க. எல்லாத் தயாரிப்புக்கும் மணல் சொல்லப்படுவதில்லை, டின்னில் எழுதியிருப்பதை வாசியுங்கள். பூச்சும் பசையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள்.

பலகைகள் மூன்று கிழமை அந்த அறைக்குள்ளேயே, இடையில் குச்சி வைத்து அடுக்கியபடி கிடந்தன. பலகையின் ஈரத்தை அறிய மரக்காலைகளில் ஊசி மீற்றர் இருக்கும். நாங்கள் ஒரு துண்டை நிறுத்து, அடுப்பில் 103 பாகையில் எடை குறையாமல் நிற்கும் வரை உலர்த்தி மறுபடி நிறுத்தோம். 113 கிராம் 100 கிராமானது, அதாவது 13 சதவீதம். இந்த நாட்டு ஈரக்காற்றில் அது நியாயமான அளவு. அடிப்பக்கத்தைச் சீவி, தேக்கின் எண்ணெய்ப் பசை போக அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, பல் வெட்டிய கரண்டியால் பசையை இழுத்து ஒட்டினோம். சுவரோரம் நாற்பக்கமும் 12 மில்லிமீற்றர் இடைவெளி, மேலே ஸ்கேர்ட்டிங் பலகை. பாரம் வைக்கப் பழைய மாதிரி வினாத்தாள் கட்டுகள் உதவின. பதினைந்து வருஷமாக எறிந்துவிடச் சொல்லிக் கொண்டிருந்தவர் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

ஒட்டி இரண்டு நாள் கழித்து உம்மாவை அறைக்குள் விட்டோம். மெதுவாக நடந்து பார்த்தார். "வாப்பாட கடைல கேட்ட சத்தம் வருதில்லையே" என்றார். வராது. கீழே வெற்றிடம் இல்லை, பசை நிரம்பியிருக்கிறது. இஷாவை அங்கே தொழுதார். எழும்பும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார், ஆளைக் கூப்பிடவில்லை.

பின்சுவரோரம் கட்டிலுக்குக் கீழே வரும் மூன்று வரிசைப் பலகைகளை நாங்கள் ஒட்டவில்லை. சும்மா இறக்கி வைத்திருக்கிறோம், ஸ்கேர்ட்டிங் அழுத்திப் பிடிக்கிறது. இது அந்த எபொக்சிப் பூச்சுக்கும் புதுக் கானுக்கும் முதல் மாரி. இப்போது நவம்பர், ஒவ்வொரு பின்னேரமும் மழை, கானில் தண்ணீர் ஓடும் சத்தம் அறைக்குள் கேட்கிறது. ஜனவரியில் அந்த மூன்று வரிசையையும் தூக்கி, உப்புக் கிண்ணத்தை அங்கே மறுபடி வைத்து நிறுப்போம். எடை எவ்வளவு கூடியது என்று இங்கேயே எழுதுகிறோம், இன்ஷா அல்லாஹ்.